அம்மாவின் கையில் வாட்ச்: சீரற்ற இதயத் துடிப்பை அது எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கும்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு 73 வயது, தென்காசிப் பக்கம் தனியாக இருக்கிறார், பிபிக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். எதிர்வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. "ரொம்ப நாளாகவே துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை" என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து துபாயில் இருக்கும் உங்களுக்கு மனசு ஆறவில்லை. ஈசிஜி எடுக்கும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கி அனுப்பலாமா, எந்த மாடல் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மாடல் பெரிய விஷயமில்லை. அதை அம்மா கையில் மாட்டிவிட்டால் இனி நான் இங்கே நிம்மதியாக இருக்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

நான் டாக்டர் இல்லை. 21 வருடமாக இதயநோய்ப் பிரிவில் டெக்னீஷியன். ஈசிஜி, டிரெட்மில், ஹோல்டர், இவைதான் என் அன்றாடம். ஹோல்டர் என்பது நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு நாளோ சில நாட்களோ துடிப்பைப் பதிவுசெய்யும் சின்னப் பெட்டி. ஒரு நாளில் ஒரு லட்சம் துடிப்பு சேரும். அதைக் கம்ப்யூட்டர் வகை பிரித்துக் கொடுக்கும். கம்ப்யூட்டர் தப்பாகப் பிரித்ததை உட்கார்ந்து திருத்துவது என் வேலை. பிறகுதான் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதனால் கோடுகளைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். மாத்திரை விஷயத்தில் பொதுவாக என்ன நடைமுறை என்று சொல்வேனே தவிர, உங்கள் அம்மாவுக்கு இதைக் கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு இருந்தது பெரும்பாலும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஆகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் ஏஎஃப் என்போம். இதயத்தின் மேல் அறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக, கொதிக்கும் உலைநீர் மாதிரி துடித்துக்கொண்டிருக்கும். அங்கே நிமிடத்துக்கு முந்நூறு நானூறுக்கு மேல் மின்சாரத் துடிப்புகள் ஓடும். நடுவில் இருக்கும் வாசல் அவற்றில் அகப்பட்டதை மட்டும் கீழே விடும். அதனால் கீழ் அறைகளின் துடிப்புக்கு ஒரு கணக்கே இருக்காது. இந்தக் 'கணக்கே இல்லாத' தன்மைதான் அடையாளம். ஆதி தாளம் போடும் ஒருவர் நடுவில் ஒரு தட்டை அவசரப்பட்டுத் தட்டி, ஒரு கணம் நின்று, மறுபடி தாளத்தில் சேர்ந்துகொள்கிறார் என்றால் அது எக்டோபிக் துடிப்பு. வயதானவர்களில் மிகச் சாதாரணம், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. தாளமே தெரியாத குழந்தை மேசையில் தட்டினால் எப்படி இருக்கும், அதுதான் ஏஎஃப். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பது. வாட்சுக்குள் இருக்கும் நிரலும் தேடுவது இதையேதான்.

மேல் அறை ஒழுங்காகச் சுருங்காதபோது ரத்தம் அங்கே தேங்கும். இடது மேல் அறையில் ஒரு சின்னப் பை மாதிரியான மூலை உண்டு; கட்டி உறைவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். அங்கிருந்து கிளம்பிய கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் பல பத்தாண்டுகள் மக்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஏஎஃப் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று வந்தது. இதில் மோசமான விஷயம், பலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குப் படபடப்பு, மூச்சு வாங்கல் இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப் பேர் "முன்ன மாதிரி முடியல, வயசாயிருச்சு" என்று அதையும் வயதின் கணக்கில் எழுதிவிடுவார்கள். நான் பார்த்த ஏஎஃப்களில் நிறைய, கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ஃபிட்னஸ் கேட்டு ஈசிஜிக்கு வந்த இடத்தில் அகப்பட்டவை. ஒரு பாட்டி கட்டிலில் படுத்தபடி "எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லப்பா, கண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேப்பர் வெளியே வரவர எனக்கு அவருடைய பேரனிடம் என்ன சொல்வது என்று யோசனை. ஆக, கேள்வியில் நியாயம் இருக்கிறது. தேடினால்தான் கிடைக்கும் நோய் இது.

சரி, வாட்ச் எப்படித் தேடுகிறது? இரண்டு வழி, இரண்டையும் கலந்துவிடக் கூடாது. முதல் வழி, வாட்சின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கு. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் நிரம்பும்போது திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டு இரண்டு துடிப்புக்கு நடுவில் எத்தனை மில்லி செகண்ட் என்று எண்ணிப் பார்க்கிறது. இது நாடி பிடிப்பது போலத்தான், ஈசிஜி அல்ல. நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, தானாக நடக்கும். ஆனால் எந்நேரமும் நடக்காது. கை ஆடினால் ஒளிக்கணக்கு குழம்பிவிடும் என்பதால், கை அசையாமல் இருக்கும் நேரங்களில் மட்டும் அவ்வப்போது ஒரு நிமிடம்போல எட்டிப் பார்க்கும். ஒருமுறை ஒழுங்கில்லை என்று பட்டதும் கூவிவிடாது. ஆப்பிள் வாட்சைப் பெரிய அளவில் சோதித்தபோது, அடுத்தடுத்த ஆறு பார்வைகளில் ஐந்து ஒழுங்கில்லாமல் இருந்தால்தான் அறிவிப்பு என்று வைத்திருந்தார்கள். ஆகவே சில நிமிடங்கள் வந்து போகும் ஏஎஃப் இதன் கண்ணில் படாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு.

இரண்டாவது வழி உண்மையான ஈசிஜி. வாட்சின் அடிப்பக்கம் ஒரு கையின் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும், மறு கையின் விரலை ஓரத்திலுள்ள பொத்தான் மீது 30 செகண்ட் வைக்க வேண்டும். கையிலிருந்து கைக்கு, நடுவில் இதயம். நெதர்லாந்தின் லெய்டன் ஊரில் ஐந்தோவன் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈசிஜி எடுத்தபோது, ஆளை உட்காரவைத்து இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் விடச் சொல்வார். அவர் முதலாவது லீட் என்று பெயர் வைத்த அதே கைக்குக் கை கோடுதான் இன்று வாட்சில் வருகிறது. 1924இல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஆப்பிள் வாட்சில் இது வந்தது 2018இல். இன்னொன்று, கடையில் ஏமாறாமல் இருக்க எளிய சோதனை இது: மறு கை விரலைக் கேட்காத வாட்ச் ஈசிஜி எடுக்கவில்லை. மலிவான சில பட்டைகள் பச்சை விளக்கின் கணக்கை வைத்துக்கொண்டு திரையில் ஈசிஜி மாதிரி ஒரு கோட்டை ஓடவிடும். அது அலங்காரம்.

இனி, எவ்வளவு நம்பலாம் என்பதற்கு வருகிறேன். பச்சை விளக்கு முறையை மூன்று பெரிய ஆய்வுகள் சோதித்திருக்கின்றன. ஸ்டான்ஃபோர்ட் நடத்திய ஆப்பிள் ஆய்வு 2019இல் வெளியானது. அதில் 4,19,297 பேர். அறிவிப்பு வந்தது 0.52 சதவீதம் பேருக்கு. 65 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் 3.1 சதவீதம். அறிவிப்பு வந்தவர்களுக்குத் தபாலில் ஒரு ஈசிஜி ஒட்டுப்பட்டை அனுப்பி ஒரு வாரம்வரை ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பட்டையைத் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதம் பேருக்கு ஏஎஃப் இருந்தது. "அப்போ மூன்றில் இரண்டு பொய்யா?" என்று என்னிடம் ஒரு டாக்டரே கேட்டிருக்கிறார். அப்படி இல்லை. அறிவிப்புக்கும் பட்டை ஒட்டியதற்கும் நடுவில் சராசரியாக 13 நாள் ஓடிவிட்டது, வந்து போகும் ஏஎஃப் அந்த வாரம் வராமல் இருந்திருக்கலாம். பட்டை ஒட்டியிருந்த நேரத்திலேயே வாட்சும் அறிவிப்பு கொடுத்தபோது, 100க்கு 84 முறை அந்த நேரத்தில் ஏஎஃப் ஓடிக்கொண்டிருந்தது. சீனாவில் ஹுவாவே வாட்சோடு நடந்த ஆய்வும், பிறகு நாலரை லட்சம் பேரை வைத்து நடந்த ஃபிட்பிட் ஆய்வும் இதே திசையில்தான் சொல்கின்றன. இரண்டிலும் சரியாகச் சொன்ன விகிதம் இன்னும் அதிகம்.

ஆனால் இந்த எண்களை அம்மாவுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது, இரண்டு காரணங்களால். ஒன்று அம்மாவுக்குச் சாதகமானது. எந்தச் சோதனையாக இருந்தாலும், நோய் அதிகம் இருக்கும் கூட்டத்தில் அது அடிக்கும் மணியை அதிகம் நம்பலாம். கணக்குக்காக ஒரு கருவி 100 ஏஎஃபில் 90ஐக் கண்டுபிடிக்கிறது, நோயில்லாத 100 பேரில் ஒருவருக்குத் தப்பாக மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் 30 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் ஏஎஃப் என்றால், உண்மையான மணி ஒன்று, பொய் மணி பத்து. அம்மா வயதில் ஆயிரம் பேரில் 50 பேருக்கு இருக்கிறது என்றால், உண்மை 45, பொய் பத்துக்கும் குறைவு. அதே வாட்ச்தான். ஜிம்முக்குப் போகும் பையன் கையில் வீண் கலவரம், பாட்டி கையில் உருப்படியான சேதி. இதில் வேடிக்கை, வாங்கிக் கட்டிக்கொள்வதெல்லாம் அந்தப் பையன்தான். ஆப்பிள் ஆய்விலும் சேர்ந்தவர்களின் சராசரி வயது 41தான்.

இரண்டாவது காரணம் பாதகமானது: வயதானவர்களின் உடம்பு வாட்சுக்கு ஒத்துழைக்காது. தோல் காய்ந்திருக்கும். கை நடுங்கும். எக்டோபிக் நிறைய இருக்கும். அது கூட்டமாக வந்தால் வாட்ச் ஏஎஃப் என்று சொல்லிவிடும். போன வருடம் ஒருவர் போனில் இருபது முப்பது ஸ்ட்ரிப்களோடு, அதாவது வாட்ச் எடுத்த ஈசிஜிக் கோடுகளோடு, வந்தார், எல்லாவற்றிலும் ஏஎஃப் என்று எழுதியிருந்தது. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிக்கோடு முழுக்கப் பொடிப்பொடியாக நடுக்கம், ஆனால் உயர்ந்த முனைகளுக்கு இடையே உள்ள தூரம் ஸ்கேல் வைத்த மாதிரி சமம். அவருக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்தை இதய நடுக்கம் என்று வாட்ச் எடுத்துக்கொண்டிருந்தது. டாக்டரும் பார்த்து உறுதி செய்தார், நல்லவேளையாக அதற்குள் யாரும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஆரம்பித்திருக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதாவது கோளாறு இருந்தும் வாட்ச் பேசாமல் இருப்பது. ஏட்ரியல் ஃப்ளட்டர் என்று ஏஎஃபின் பங்காளி ஒன்று இருக்கிறது. அதில் துடிப்பு நிமிடத்துக்கு 150 என்று வேகமாக, ஆனால் மிகச் சீராக ஓடலாம். சீராக இருப்பதால் ஒழுங்கின்மையைத் தேடும் நிரல் அதைக் கண்டுகொள்ளாது. அதிலும் பக்கவாத ஆபத்து உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மேல் அறை துடித்துக்கொண்டே இருந்தாலும் கீழே இயந்திரம் ஒழுங்காகத் தட்டிக்கொண்டிருக்கும். நாடி சீராகவே தெரியும். ஏஎஃப் வேகமாக ஓடும்போது சில துடிப்புகளில் ரத்தம் மணிக்கட்டுவரை வந்து சேராது. இதயம் 120 அடிக்கும், கையில் 90தான் தெரியும்; பச்சை விளக்கும் 90 என்றே காட்டும். ராத்திரி வாட்சைக் கழற்றிச் சார்ஜில் போடுகிறவர்களுக்கு, கை அசையாத அந்த நல்ல ஆறு மணி நேரமும் வீண். ஆகவே "அதான் வாட்ச் ஒண்ணும் சொல்லலையே" என்று இருந்துவிடக் கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று. வாட்ச் ஈசிஜி மாரடைப்பைக் காட்டாது. நாங்கள் ஆஸ்பத்திரியில் 12 கோணங்களில் எடுக்கிறோம், வாட்ச் ஒரே ஒரு கோணத்தில் பார்க்கிறது. மாரடைப்பு பெரும்பாலும் மற்ற கோணங்களில் தெரியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிந்த ஒருவர், வாட்ச் 'சைனஸ் ரிதம்' என்று காட்டியதால் மதியம்வரை வீட்டில் இருந்துவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. சைனஸ் ரிதம் என்றால் தாளம் சரி என்று மட்டும் பொருள். நெஞ்சுவலி, தாடைவலி, திடீர் வியர்வை என்று வந்தால் வாட்சைப் பார்க்கவே வேண்டாம் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிடுங்கள்.

அறிவிப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பதறவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். அந்த நேரமே அம்மாவை உட்காரவைத்து 30 செகண்ட் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். பச்சை விளக்கின் அறிவிப்பை மட்டும் வைத்து யாரும் ஏஎஃப் என்று முத்திரை குத்துவதில்லை. 30 செகண்ட் ஈசிஜியில் தெரிந்து, அதை டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் நோய். ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் வழிகாட்டியும் இதைத்தான் கேட்கிறது. பிறகு நேரில் போனால் 12 கோணங்களில் எடுக்கும் 12 லீட் ஈசிஜி, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ, தைராய்டு உள்ளிட்ட ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் என்னைப் போன்றவர்கள் மாட்டிவிடும் ஹோல்டர். தைராய்டு அதிகமாக இருந்தாலும் ஏஎஃப் வரும், அதனால்தான் அந்தச் சோதனை. எக்கோ நம் ஊரில் இன்னும் முக்கியம். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்கள் நம்மிடம் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏஎஃப் வந்தால், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் புது மாத்திரைகள் சரிப்படாது, ஐஎன்ஆர் என்ற ரத்த உறைவுச் சோதனையைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் பழைய வார்ஃபரின் வகைதான் மேல் என்று 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. வெளிநாட்டு இணையதளத்தில் படித்துவிட்டு "புது மாத்திரையா எழுதுங்க" என்று டாக்டரிடம் கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அம்மாவுக்கு ஏஎஃப் இருக்கிறது என்று உறுதியானால், பக்கவாத ஆபத்து எவ்வளவு என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். 65இலிருந்து 74 வயது என்பதற்கு ஒன்று, பிபிக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று, பெண் என்பதற்கு ஒன்று. கடைசி ஒன்றை 2024 ஐரோப்பிய வழிகாட்டி எடுத்துவிட்டது. எப்படிக் கூட்டினாலும் மூன்றோ நாலோ வரும், இரண்டு வந்தாலே ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை கொடுப்பதுதான் நடைமுறை. நெடுநாள் ஏஎஃபில் இந்த மாத்திரை பக்கவாதத்தை மூன்றில் இரண்டு பங்குபோலக் குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆஸ்பிரின் அதற்கு மாற்று ஆகாது. அதையும் பலர் தாமாகவே போட்டுக்கொள்கிறார்கள். வயிற்றில் ரத்தக் கசிவுதான் மிச்சம்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி உறுதியானது. இனி வருவது வல்லுநர்களே முட்டிக்கொள்ளும் இடம். ஆஸ்பத்திரி ஈசிஜியில் தெரியும் ஏஎஃப் வேறு, எந்நேரமும் காவல் காத்தால் மட்டும் அகப்படும் பத்து நிமிட ஏஎஃப் வேறு. பின்னதைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் பக்கவாதம் குறையுமா? டென்மார்க்கில் லூப் என்ற ஆய்வில் 70 வயது தாண்டிய ஆறாயிரம் பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலுக்கடியில் பதிவுக் கருவியே வைத்துவிட்டார்கள். கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதம் பேருக்கு ஏஎஃப் அகப்பட்டது, வழக்கமாகப் பார்த்தவர்களில் 12.2 சதவீதம்தான். மும்மடங்கு பக்கத்தில் அகப்பட்டும், பக்கவாதம் 5.6 சதவீதத்திலிருந்து 4.5க்குத்தான் இறங்கியது, தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம் அது. லூப் வெளியான அதே 2021இல் ஸ்வீடனின் ஸ்ட்ரோக்ஸ்டாப் ஆய்வும் வந்தது. அங்கே 75, 76 வயதானவர்களைக் கூப்பிட்டு, கையடக்க ஈசிஜி கருவியைக் கொடுத்து இரண்டு வாரம் தினம் இரண்டு முறை எடுக்கச் சொன்னார்கள். ஏழு வருடம்போலத் தொடர்ந்து பார்த்ததில் சின்னதாக ஒரு பலன் தெரிந்தது, சின்னதுதான்.

2023இல் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன, இரண்டிலும் பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் பிடித்துக்கொடுத்த குறுகிய ஏஎஃப் உள்ளவர்கள். நோவா என்ற ஆய்வில் ரத்தம் உறையாமல் இருக்கும் எடாக்சபான் மாத்திரை கொடுத்துப் பலன் தெரியவில்லை, ரத்தக் கசிவு கூடியது. ஆர்டீசியா என்ற ஆய்வில் அதே வகையைச் சேர்ந்த அபிக்சபான் மாத்திரையை ஆஸ்பிரினோடு ஒப்பிட்டார்கள். வருடத்துக்கு ஆயிரம் பேரில் பக்கவாதம் சுமார் 12இலிருந்து 8 ஆனது; பெரிய ரத்தக் கசிவு சுமார் 9இலிருந்து 17 ஆனது. நாலு பக்கவாதம் தப்பியது, எட்டு கசிவு கூடியது. கசிவில் பெரும்பாலானவை சமாளிக்கக்கூடியவை, பக்கவாதம் அப்படியில்லை என்று ஒரு தரப்பு. ஆபத்தே குறைவாக இருக்கும் இடத்தில் எதற்கு இந்த வம்பு என்று இன்னொரு தரப்பு. எங்கள் டாக்டர்களுக்குள்ளேயே இது பற்றிச் சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் நடக்கும். அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022இல், அறிகுறி இல்லாதவர்களுக்கு ஏஎஃப் தேடிச் சோதிப்பதை ஆதரிக்கவோ மறுக்கவோ போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதியது. ஐரோப்பாவிலோ, 65 தாண்டியவர்களுக்கு டாக்டரிடம் வரும்போதெல்லாம் நாடி பார்க்கச் சொல்கிறார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், ஐரோப்பியர் சொல்வது நம் ஊருக்குப் பொருத்தம், செலவும் இல்லை. வாட்சுக்கு முன்னால் அம்மாவுக்கு இந்த மாதமே ஒரு சாதாரண ஈசிஜி எடுத்துவிடுங்கள். எந்நேரமும் ஏஎஃபிலேயே இருப்பவர்கள் அதிலேயே அகப்பட்டுவிடுவார்கள், அவர்களுக்குத்தான் மாத்திரையால் அதிகப் பலன். அப்புறம் வீட்டில் பிபி மெஷின் இருக்கிறதா என்று பாருங்கள். பல மெஷின்களில் துடிப்பு சீரில்லை என்றால் திரையில் ஒரு சின்ன இதயக் குறி மின்னும். நிறைய வீடுகளில் அது என்ன என்று தெரியாமலே மாதக்கணக்கில் மின்னிக்கொண்டிருக்கும். அடுத்தடுத்து மூன்று முறை பார்த்து மூன்றிலும் அந்தக் குறி வந்தால் ஈசிஜிக்குப் போக அதுவே போதுமான காரணம். அதோடு, பக்கத்து வீட்டில் பொறுமையுள்ள யாராவது இருந்தால், கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடி பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். 15 செகண்ட் பார்த்து நாலால் பெருக்குவது வேகத்தைச் சொல்லும், தாளத்தைச் சொல்லாது.

இதற்கு மேலும் வாட்ச் வாங்குவதென்றால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. 73 வயது, பிபி, சுகர் என்றால் இந்தக் கருவியால் பலன் பெற நியாயமுள்ள ஆள் உங்கள் அம்மாதான். ஆனால் அதைக் கட்டிக்கொள்ள அவருக்கு விருப்பமா என்று முதலில் கேளுங்கள். கைநிறைய வளையல் போட்டிருந்தால் வாட்ச் மேலே ஏறி முழங்கைப் பக்கம் தொங்கும். பாத்திரம் கழுவும்போது கழற்றி ஜன்னலில் வைத்தால் மறுநாள்தான் ஞாபகம் வரும். எங்கள் பகுதியில் ஒரு அம்மாவுக்கு மகன் அனுப்பிய வாட்ச் ஆறு மாதம் பீரோவில் புடவை நடுவே பத்திரமாக இருந்தது. எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும், அம்மாவின் போனோடு ஒத்துப்போக வேண்டும், ஏஎஃப் அறிவிப்பு இந்தியாவில் அந்த மாடலில் வேலை செய்ய வேண்டும். இன்னொருவர் போனில் சேர்த்துவிட்டால் சில வாட்ச்களில் இந்த வசதி கிடைக்காது, கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏஎஃப் என்று தெரிந்தவர்களுக்கு இந்த அறிவிப்பு வசதியே உரியதல்ல என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஈசிஜி எடுக்கும்போது செய்ய வேண்டியது சுலபம். வளையலை மேலே தள்ளிவிட்டு, தேங்காயெண்ணெய் தடவிய கை என்றால் துடைத்துவிட்டு, மேசை மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, காய்ந்த விரல் நுனியில் ஒரு துளி தண்ணீர் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்த 30 செகண்டும் பேசக் கூடாது. 'முடிவு தெரியவில்லை' என்று வந்தால் பாதி நேரம் காரணம் இதில் ஒன்றுதான். அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு 50க்குக் கீழே போனாலும் வாட்ச் முடிவு சொல்லாமல் கைவிரித்துவிடும். தினமும் எடுக்க வேண்டாம். பயந்துபோய் ஒரு நாளைக்கு இருபது முறை எடுத்து, எடுக்கும் பயத்திலேயே துடிப்பு ஏறி, அதைப் பார்த்து மறுபடி எடுத்து என்று சுற்றிக்கொண்டே இருப்பவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அறிவிப்பு வந்தால், படபடப்பு வந்தால், தலைசுற்றினால், அப்போது மட்டும்.

வாங்குவதற்கு முன் உங்கள் குடும்பத்தில் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள்: மணி அடித்தால் அம்மா யாருக்கு போன் செய்வார், அன்றைக்கோ மறுநாளோ யார் கூட்டிப்போவார், எந்த டாக்டரிடம். இதற்கு ஆள் இல்லையென்றால் அந்தப் பணத்தை வருடம் இரண்டு முறை ஈசிஜிக்கும், வந்து பார்த்துப்போகும் ஒரு நர்ஸுக்கும் செலவழிப்பதே மேல் என்பேன். எதிர்வீட்டில் நடந்தது இங்கே நடந்தால் வாட்ச் உதவாது. வாய் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதிலும் முதல் ஒரு மணி நேரம் தங்கம். சிடி ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று இன்றே கேட்டு, பேரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரிப் ஏதாவது வந்தால் இங்கே போட வேண்டாம், அம்மாவின் டாக்டருக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல், ஆப் கொடுக்கும் பிடிஎஃப் கோப்பாகவே அனுப்புங்கள். அதன் ஓரத்தில் செகண்டுக்கு 25 மில்லிமீட்டர் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கட்டங்களை எண்ணித்தான் நாங்கள் படிக்கிறோம், அந்த வரி வெட்டுப்பட்டால் ஒரு கட்டம் எவ்வளவு நேரம் என்பதே தெரியாது.